எந்தக் கள்ளி?

வாலு என்பது பட்டப்பெயர் அல்ல. அப்பா அம்மா வைத்த பெயரே அதுதான். கட்ச் பாலைவனத்துப் பக்கம் அதற்குச் செல்லம் என்று பொருள். தமிழில் அதற்கு வேறு பொருள் என்று நான் அவளிடம் ஒருநாள் விளக்கிச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுமே எனக்குச் சரிதான்" என்றாள்.

ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் ஆடுகளை மலைக்கு ஓட்டிப்போய்க் கொஞ்சம் மேயவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அடைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். ஜாரூடி கிராமத்துக்குப் பின்னால் அந்த மலை இருக்கிறது. மரம் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. கல், மணல், கள்ளி. அவ்வளவுதான்.

கள்ளி என்றால் எந்தக் கள்ளி? இந்தக் கதையில் நடந்த குழப்பமெல்லாம் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால்தான்.

நம்மைப் போலவே அந்த ஊர்க்காரர்களும் இரண்டு செடிகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று சப்பாத்திக்கள்ளி. சப்பாத்தியின் மேல் சப்பாத்தி ஒட்டியதுபோல வளரும். குளிர்காலத்தில் அதில் செக்கச்செவேலென்று பழம் பழுக்கும். தின்றால் நாக்கு, உதடு, கை எல்லாம் சிவந்துபோகும். இன்னொன்று பால் கள்ளி. தடித்தடியாக, கொத்தாக, ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் கொட்டும். அது தோலில் பட்டாலே எரியும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் முழுப்பெயரைச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. இதுவும் கள்ளி, அதுவும் கள்ளி.

ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் தேவ்ஷீ காகாவின் சர்பத் கடை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் நான் மோட்டார் வண்டி பழுது பார்க்கிறேன். காகா என்றால் சித்தப்பா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். காக்கையைக் கூப்பிடுகிற மாதிரி இருப்பதால் எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வருகிறது.

கடைக்குப் பின்னால் அவருடைய தோட்டம். உள்ளே வரிசையாகச் சப்பாத்திக்கள்ளி. சுற்றிலும் வேலியாகப் பால் கள்ளி. கள்ளிக்குக் காவல் கள்ளி. முன்பக்கம் ஒரு கதவு, அதில் பெரிய பூட்டு. வெள்ளை உப்புப் பாலைவனத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவர் கடையில் நின்று சிவப்புச் சர்பத் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அதனால் அந்தப் பழங்களை அவர் கண்ணைப்போல் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் காலை அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கடைசி வரிசையில் பாதிப் பழங்களைக் காணோம் என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றிக் கூடினார்கள்.

வாலுவுக்கு நேரம் சரியில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். அவளுடைய உதடு சிவந்திருந்தது.

"வாலு, இங்க வா. நாக்கை நீட்டு" என்றார் தேவ்ஷீ காகா.

அவள் நன்றாகவே நீட்டினாள். நாக்கு ரத்தச் சிவப்பு. கையைக் காட்டச் சொன்னார். கையும் சிவப்பு.

"பாத்துக்கோங்க எல்லாரும். திருடி யாருன்னு இனிமே யாரும் கேக்க வேணாம்" என்றார்.

வாலு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். முகம் நாக்கைவிடச் சிவந்துவிட்டது. ஆனால் தலை குனியவில்லை.

"பழம் தின்னேன். உங்க பழம் இல்ல."

"பின்ன யார் பழம்?"

"மலைப் பழம்."

கூட்டம் சிரித்தது. மலையில் இருப்பதெல்லாம் பால் கள்ளி என்று ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பால் கள்ளியில் தின்கிற பழம் ஏது?

"ஒரே ஒரு சப்பாத்தி இருக்கு. பால் கள்ளிக் கூட்டத்துக்கு நடுவுல மறைஞ்சு நிக்குது. வாங்க காகா, இப்பவே காட்டுறேன்."

"உன் பின்னாலேயே மலையேற நான் என்ன உன் ஆடா?" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. அன்றைக்குப் பழம் பறிக்கிற நாள். பிள்ளைகள் எல்லாரும் இடுக்கியோடு வந்து பழம் பறிப்பார்கள். பழத்தின்மேல் மயிரிழை போல இருக்கும் பூமுள்ளை மணலில் புரட்டித் தேய்த்து எடுப்பார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் சர்பத். ஊரில் திருவிழா மாதிரி அது. இந்த வருஷம் வாலு மட்டும் வரக்கூடாது என்று எல்லார் காதிலும் விழும்படி அறிவித்தார்.

"சரி, நான் வரல. ஆனா நான் எடுக்கலன்னு தெரிஞ்சா, திருடி இல்லன்னு நீங்க சொல்லணும். இதே இடத்துல, இதே மாதிரி கூட்டத்துல, இதே மாதிரி சத்தமா."

"சொல்றேன், சொல்றேன். போ" என்று கையை வீசினார் அவர்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா ராஜீபென் அவளை நம்பினாள். (பென் என்றால் அக்கா. அங்கே பெண்கள் பெயரோடு மரியாதைக்குச் சேர்ப்பார்கள்.) ஆனாலும் பெரியவர்களிடம் வாயாடக் கூடாது என்று கடிந்துகொண்டாள்.

"நான் எங்கம்மா வாயாடினேன்? அவர் கேட்டாரு, வாயைக் காட்டினேன்" என்றாள் வாலு. அம்மா கம்பு ரொட்டியைப் புரட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. திருடி என்ற சொல் சட்டைக்குள் புகுந்த பூமுள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில், தேவ்ஷீ காகாவின் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மூன்று பக்கமும் வேலி ஒழுங்காக இருந்தது. பின்பக்கம் ஓர் இடத்தில் நின்றாள். முழங்கால் உயரத்தில் பால் கள்ளித் தடிகள் சில ஒடிந்திருந்தன. குனிந்து பார்த்தாள். ஒடிந்த இடத்தில் பால் வழிந்து, காய்ந்து, பழுப்புப் பிசினாகி, அதில் மணல் ஒட்டியிருந்தது.

காற்று அடித்தால் உச்சியில்தான் ஒடியும். ஒட்டகம் உரசினாலும் மேலேதான் ஒடியும். ஆடு இந்தச் செடியின் பக்கமே போகாது. அப்படியானால் யாரோ குட்டையான ஆள் தவழ்ந்து உள்ளே போயிருக்கிறார். அதுவும் மலைப்பக்கம் போகாத ஆள். மலைக்குப் போகிற பிள்ளைகள் யாரும் பால் கள்ளியை வெறும் உடம்போடு தள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். முதலில் சாக்கைப் போட்டு மூடுவார்கள்.

நேரே கடைக்குப் போய் இதைச் சொன்னாள். தேவ்ஷீ காகா டம்ளர் கழுவிக்கொண்டே, நாய் கீய் நுழைந்திருக்கும் என்றார்.

"நம்ம ஊரு நாய் சப்பாத்திப் பழம் திங்குமா காகா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் கோபத்தில் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

பள்ளிக்கூடத்தில் வாலு ஒரு வேலை செய்தாள். பால் பட்ட ஆளின் கையில் எங்கேயாவது பிசின் இருக்கும், இல்லையென்றால் தோல் கொஞ்சமாவது சிவந்து தடித்திருக்கும். ஆகவே வளையல்காரி மாதிரி ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். மையும் சாக்பீஸும் ஊறுகாய் எண்ணெயும்தான் கிடைத்தன. ஒரு பெண் தனக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். கைரேகை பார்ப்பதாக நினைத்துக்கொண்டாளாம்.

இரண்டாம் வகுப்பில் தேவ்ஷீ காகாவின் மகன் கான்ஜி இருந்தான். குளிர் என்று சொல்லி இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வாலு அவனை விட்டுவிட்டாள். சொந்த வீட்டுப் பழத்தை யாராவது திருடுவார்களா?

மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இடுக்கியோடு தோட்டத்துக்குள் ஓடினார்கள். வாலு கடைக்கு எதிரே இருந்த பெரிய கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க உனக்கு என்ன வேலை?" என்றார் தேவ்ஷீ காகா.

"காத்திட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"நீங்க சத்தமா சொல்றதுக்கு."

"எந்திரிச்சுப் போ."

"கல்லு உங்களுதா?"

கல் பஞ்சாயத்துக் கல். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சூரியன் சாய ஆரம்பித்தது. பறித்த பழங்களைக் கூடை கூடையாகக் காகாவின் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகள் வாய் சிவக்கச் சர்பத் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். சில பேர் வாலுவைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, சப்புக்கொட்டிக் குடித்தார்கள். அவள் கல்லைவிட்டு அசையவில்லை. அழுதுவிடக் கூடாது என்று கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

தோட்டத்தின் பின்பக்கமிருந்து கான்ஜி ஓடி வந்தான். வலது கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். "கள்ளி, கள்ளி" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினான்.

காகாவின் மனைவி லக்மீபென் பதறிப்போய் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். முற்றம் நிறையப் பழக்கூடைகள். ஆகவே யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பழத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்திருப்பான், பூமுள் போயிருக்கும் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். பழம் பறிக்கிற காலத்தில் அது வழக்கமாக நடப்பதுதான். பக்கத்து வீட்டு அம்மாள் துணி முனையைத் திரித்துக்கொண்டு முள்ளைத் தேட வந்தாள். இன்னொருத்தி நெய் எடுத்து வந்தாள். தேவ்ஷீ காகா பையனின் கையைப் பிடித்துக்கொண்டார். கான்ஜி துடித்தான்.

வாலு வாசலில் வந்து நின்றாள்.

"கான்ஜி, எந்தக் கள்ளி?"

அவன் திறந்திருந்த ஒரு கண்ணால் அப்பாவைப் பார்த்தான்.

"உள்ள வராதன்னு உனக்குச் சொல்லியிருக்கு. எந்தக் கள்ளியா? அதோ, கூடை கூடையா இருக்கே, தெரியல?" என்றார் தேவ்ஷீ காகா.

வாலு உள்ளே வந்துவிட்டாள். நேராகப் போய்க் கான்ஜியின் சட்டைக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் தேய்த்தாள். எல்லாரும் அவளைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

"குத்தல. பூமுள்ளுன்னா சட்டையெல்லாம் ஒட்டியிருக்கும். ஒண்ணுகூட இல்ல. இதைப் பாருங்க." தோள்பட்டையில் வெள்ளையாகத் துளித்துளியாக ஏதோ சொட்டியிருந்தது. பக்கத்திலேயே பழைய பழுப்புக் கறைகள், மணல் ஒட்டிக்கொண்டு. "இது பால். அவன் கண்ணுல போனது பால் கள்ளி. முள்ளு தேடாதீங்க."

தேவ்ஷீ காகாவுக்குப் புரிந்துவிட்டது. பால் கள்ளி என்றால் வேலி. வேலி என்றால் காலையில் இவள் சொன்ன ஓட்டை.

"என் பிள்ளையைத் திருடன்னு சொல்றியா?" என்றார்.

"திருடன்னு நான் சொல்லல. கண்ணுல பால்னு சொல்றேன். சண்டையை அப்புறம் போட்டுக்கலாம் காகா. தண்ணி எங்க?"

அவர் அசையவில்லை. அசைந்தது லக்மீபென்தான். பையனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பானைப் பக்கம் ஓடினாள். நெய் வைத்திருந்தவள், குடிக்கிற தண்ணீராயிற்றே என்று இழுத்தாள். அந்த ஊரில் பானைத் தண்ணீர் என்பது சாதாரண விஷயம் அல்ல.

"குடிக்கிற தண்ணிதான் வேணும். நெய் வேணாம்" என்றாள் வாலு.

அவளுடைய அப்பாவுக்கு ஒருமுறை வேலி வெட்டும்போது இதே பால் கண்ணில் தெறித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தேய்க்காதே, எதையும் போடாதே. முதலில் தண்ணீர், அப்புறம் இன்னும் தண்ணீர், ஊற்றிக்கொண்டே இங்கே வா.

லக்மீபென் இமையை விரித்துப் பிடித்தாள். வாலு பையனின் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணுக்குள் போகாதபடி மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊற்றினாள். கான்ஜி உதைத்தான். அவளுடைய முழங்காலில்தான் உதை விழுந்தது. அவள் சொம்பை விடவில்லை. முழுப்பானையும் காலியாயிற்று. பக்கத்து வீட்டுப் பானையும் வந்தது.

தேவ்ஷீ காகா தன் மூன்று சக்கர வண்டியைக் கிளப்ப ஓடினார். அவசரத்தில் அரைகுறையாக உதைத்ததில் வண்டி கிளம்பவே இல்லை. நான்தான் போய் உதைத்துக் கிளப்பினேன். பின்தட்டில் லக்மீபென்னும் கான்ஜியும் ஏறினார்கள். வாலுவும் தண்ணீர்க் கேனோடு ஏறிக்கொண்டாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. வழியெல்லாம் குலுக்கல். பாதித் தண்ணீர் கண்ணில் விழுந்தது, மீதி அவள் மேலேயே விழுந்தது. குளிரில் பல் அடித்துக்கொள்ள ஊற்றிக்கொண்டே போனாளாம்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கான்ஜியே பிறகு எனக்குப் பெருமையாகச் சொன்னான்.

டாக்டர் என்னவென்று கேட்டார். தேவ்ஷீ காகா வாயைத் திறப்பதற்குள், "கள்ளிப் பால். பழம் இல்ல, வேலி" என்றாள் வாலு. டாக்டர் மறுபடி ஒரு தடவை கண்ணை நன்றாகக் கழுவினார். விளக்கை வைத்துப் பார்த்தார். மருந்து போட்டுக் கட்டினார். உடனே கழுவியதால் கண் பிழைத்தது, கொஞ்ச நாள் வலிக்கும், பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்றார். லக்மீபென் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, ஒன்றுக்குப் போன கான்ஜி உள்ளேயிருந்து கத்தினான்.

"அம்மா, ரத்தம். எனக்கு ஒண்ணுக்கு ரத்தமா வருது. நான் சாகப்போறேன்."

டாக்டர் ஓடிப்போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பழம்டா தின்ன?"

கான்ஜி இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினான். பிறகு குனிந்து கால் விரல்களைப் பார்த்தான்.

தேவ்ஷீ காகா அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அடிப்பார் என்று பயந்த கான்ஜி அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னான்.

"நீங்க எனக்கு ஒரு பழம்கூடத் தரமாட்டேங்கிறீங்க. எப்பக் கேட்டாலும் அது விக்கறதுக்குன்னு சொல்றீங்க. ஊர்ப் பிள்ளைங்களுக்காவது வருஷத்துக்கு ஒரு நாள் சர்பத் குடுக்கிறீங்க. என்னை அன்னைக்கும் டம்ளர் கழுவச் சொல்லிடுறீங்க."

அவர் அடிக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்தார்.

அன்றைக்கு இரவு ஊர் அடங்குகிற நேரத்தில் அவர் வாலுவின் வீட்டுக்கு வந்தார். தலையில் ஒரு கூடை. கூடை நிறையப் பழம், பொறுக்கி எடுத்தவை. ராஜீபென் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல், தப்பு என்மேல்தான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பெண்ணிடம் சொல்லுங்கள் என்றார். அம்மா உருகிவிட்டாள். ஐயோ, நீங்கள் வந்ததே போதும் என்றாள்.

"போதாது" என்றாள் வாலு.

"வாலு."

"அம்மா, திருடின்னு என்னை இங்கயா சொன்னாரு? இங்க நீயும் நானும் ஆடும்தான் இருக்கோம். நான் திருடி இல்லன்னு ஆட்டுக்கு ஏற்கெனவே தெரியும்."

"கூடையை வாங்கிக்கோ பொண்ணே" என்றார் அவர்.

"நாளைக்கு வாங்கிக்கிறேன் காகா. காலையில, பஸ் வர்ற நேரத்துக்கு."

அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். பழம் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாயே என்று அம்மாவுக்கு மானம் போய்விட்டது. வாலு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. கூட்டம் முந்தின நாளைவிட அதிகம். செய்தி பரவினால் எங்கள் ஊரில் பஸ்ஸுக்குப் போகாதவர்களும் பஸ்ஸுக்கு வந்துவிடுவார்கள். கான்ஜி கண்ணில் வெள்ளைக் கட்டோடு கடை வாசலில் நின்றான். அவன் கையில் ஒரு பழம் இருந்தது. வாலு தன் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

தேவ்ஷீ காகா தொண்டையைச் செருமினார். தலைப்பாகையைச் சரிசெய்தார். வாலு திருடி இல்லை, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று முனகினார். அது பஸ் என்ஜின் சத்தத்திலேயே அமுங்கிப்போயிற்று.

"கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம் காகா" என்றாள் வாலு.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி என்ஜினை அணைத்தார்.

திடீரென்று எங்கும் அமைதி. தேவ்ஷீ காகா மூச்சை இழுத்துக்கொண்டார். நேற்றுக் கத்திய அதே குரலில், கொஞ்சமும் குறையாமல் கத்தினார்.

"வாலு திருடி இல்ல. பழத்தை எடுத்தது என் வீட்டுப் பையன். இந்தப் பொண்ணு மேல அபாண்டமா பழி போட்டேன். அதுக்கப்புறமும் என் பிள்ளை கண்ணைக் காப்பாத்தினது இவதான். எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் பஸ் டிரைவர்.

வாலு கல்லிலிருந்து இறங்கி வந்து கூடையை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் அதைக் கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, தேவ்ஷீ காகா மெல்ல அவள் பக்கம் குனிந்தார். வியாபாரி அல்லவா. மலையில் நிஜமாகவே ஒரு சப்பாத்திக்கள்ளி இருக்கிறதா, அது எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"இருக்கு. நேத்துக் காலையில காட்டுறேன்னு கூப்பிட்டேன். நீங்க ஆடு இல்லன்னு சொல்லிட்டீங்க. இப்ப நான் சொல்ல மாட்டேன்."

கான்ஜியின் கட்டை அவிழ்த்த பிறகு வந்த விடுமுறை நாளில், வாலு அவனை மட்டும் மலைக்குக் கூட்டிப்போனாள். சும்மா கூட்டிப்போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் நிறுத்தினாள்.

"இது எந்தக் கள்ளி?"

"பால்."

"எப்படித் தெரியும்?"

"முள்ளு ரெண்டு ரெண்டா இருக்கு, வாலுபென். தடி தடியா இருக்கு."

"இது?"

"பால்."

"கீழ தரையோட படர்ந்திருக்கே, இந்தப் பொடிச் செடி? முள்ளே இல்லையே."

கான்ஜி குனிந்து பார்த்தான். தொடாமல் பார்த்தான். ஆடு மிதித்த ஓர் இடத்தில் காம்பு நசுங்கி, அங்கே வெள்ளையாக ஒரு பொட்டு நின்றது. "இதுவும் பால்" என்றான் மெதுவாக. அவனுக்கே ஆச்சரியம்.

பால், பால், பால் என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். கடைசியில் ஆள் உயரத் தடிகளுக்கு நடுவே, இரண்டு பாறைகளின் இடுக்கில், தட்டைத் தட்டையாக ஒன்று நின்றது. கான்ஜி அதை நெடுநேரம் பார்த்தான். பூமுள் கொத்தைப் பார்த்தான். மற்றச் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"சப்பாத்தி" என்றான்.

வாலு இடுக்கியை அவன் கையில் கொடுத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் கடையில் இருந்தேன். தேவ்ஷீ காகா சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டு அவர் முன்னால் நடந்து போனார்கள்.

"எங்கடா இருக்கு அந்தச் செடி?" என்றார் அவர் மகனிடம்.

கான்ஜி வாலுவைப் பார்த்தான். வாலு கான்ஜியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துச் செக்கச்செவேலென்று நாக்கை நீட்டினார்கள்.